நாகர்கோவில் டெபாசிட்டும் தூத்துக்குடி புகைபோக்கியும்: நிலக்கரிக்கு வங்கிகள் கடன் தரும் விதம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலக்கரி எரிக்கும் மின் வாரிய நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள், மேலே கோதையாற்றில் நீர்மின் நிலையம், அவ்வளவுதான். நிலக்கரி என்றால் இந்தப் பக்கத்து மக்களுக்குத் தூத்துக்குடி நினைவுக்கு வரும். அங்கே 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட பழைய அனல்மின் நிலையம் இருக்கிறது. நெய்வேலி நிறுவனமும் தமிழக மின் வாரியமும் சேர்ந்து 500 மெகாவாட் அலகுகள் இரண்டை நிறுவியிருக்கின்றன. இந்தப் பக்கம் உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு.

ஆனாலும் நிலக்கரி இரண்டு வழிகளில் குமரி மாவட்ட வீடுகளுக்குள் வருகிறது. ஒன்று மின் கம்பி. நாட்டின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருவதால், காற்று ஓய்ந்த நாளில் தக்கலையில் சுழலும் மின்விசிறியும் அதைத்தான் தின்கிறது. இன்னொன்று பாஸ்புக். நாகர்கோவில் கிளையில் போட்ட எஃப்.டி. அந்தக் கிளையிலேயே தங்குவதில்லை. ஒரு பகுதி ரொக்க இருப்பாக ரிசர்வ் வங்கிக்குப் போகிறது. 18 சதவீதம் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் நிற்கிறது. மிச்சம் கடனாக வெளியே போகிறது. உள்ளூர் நகைக்கடனுக்கும் வீட்டுக்கடனுக்கும் கொடுத்தது போக, மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் பெருநிறுவனக் கடன் பிரிவு அதை எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது வழிதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

நிலக்கரியில் கடன் எங்கே நிற்கிறது

நிலக்கரிக்கு வங்கிகள் கடன் கொடுக்கின்றன என்றதும் சுரங்கம்தான் பலருக்குத் தோன்றும். இந்தியாவில் நிலைமை வேறு. நாட்டின் நிலக்கரியில் பெரும்பகுதியைத் தோண்டுகிற கோல் இந்தியா, கையில் பணம் வைத்திருக்கிற அரசு நிறுவனம். அதற்கு வங்கியின் தயவு அதிகம் தேவைப்படுவதில்லை. பெரும் கடன் நிற்பது நிலக்கரியை எரிக்கிற இடத்தில்தான்: அனல்மின் நிலையங்கள், அதற்கு அடுத்து எஃகு, சிமென்ட் ஆலைகள்.

மின் நிலையத்துக்குப் போகும் பணத்திலும் வகைகள் உண்டு. கட்டுவதற்குத் தருவது டேர்ம் லோன். நிலையம் ஓடத் தொடங்கியபின் நிலக்கரி வாங்கவும், மின் வாரியம் பணம் தரும்வரை தாக்குப்பிடிக்கவும் தருவது நடைமுறை மூலதனம், வங்கி மொழியில் கேஷ் கிரெடிட். இந்தோனேசியாவிலிருந்து வரும் கப்பலுக்கு லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது சரக்குக்கான பணத்துக்கு வங்கி ஏற்கும் பொறுப்பு, ஒப்பந்தங்களுக்கு வங்கி உத்தரவாதம். இவை தவிர, வங்கி தானே கடன் கொடுக்காமல் நிறுவனத்தின் பத்திரங்களைச் சந்தையில் விற்றுக்கொடுத்துக் கமிஷன் வாங்கலாம். “புதிய நிலக்கரி நிலையங்களுக்குக் கடன் தரமாட்டோம்” என்று ஒரு வங்கி சொன்னால், அது டேர்ம் லோனை மட்டும் நிறுத்துகிறதா, மற்றவற்றையும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் முதலாவது மட்டும்தான்.

ஒரு நிலையத்தின் கடன் எப்படி அமைகிறது

ஒரு கற்பனை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1,000 மெகாவாட், மெகாவாட்டுக்கு 9 கோடி ரூபாய், மொத்தம் 9,000 கோடி. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் கணக்கிடும்போது எடுத்துக்கொள்வது 70 பங்கு கடன், 30 பங்கு சொந்த மூலதனம். அப்படியானால் கடன் 6,300 கோடி, உரிமையாளர் போடுவது 2,700 கோடி.

6,300 கோடியை ஒரே வங்கி தருவதில்லை. ஒரு கடனாளிக்கு இவ்வளவுக்குமேல் போகக் கூடாது என்று, வங்கியின் முதல்நிலை மூலதனத்தில் 20 சதவீதம் என ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. பெரிய வங்கிகளுக்கு அந்த வரம்புக்குள்ளேயே இடம் இருந்தாலும், ஆபத்தைப் பங்கிட்டுக்கொள்ளவே விரும்புகின்றன. பத்துப் பன்னிரண்டு வங்கிகள் சேர்ந்து கன்சார்ட்டியம் அமைக்கும். லீட் பேங்க் ஒன்று திட்டத்தை ஆராய்ந்து அறிக்கை தயாரிக்கும், மற்றவை பெரும்பாலும் அதைப் பார்த்தே கையெழுத்துப் போடும். 2010-ஐ ஒட்டிய வருடங்களில் பல சிறிய வங்கிகள் சிக்கிக்கொண்டதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம்.

கடன் வாங்குவது தாய் நிறுவனம் அல்ல. இந்த நிலையத்துக்காகவே தனியாக ஒரு கம்பெனி பதிவு செய்யப்படும். நிலம், இயந்திரம், எதிர்கால மின் வருமானம் எல்லாம் அந்தக் கம்பெனியின் பெயரில் அடமானம். நிலையம் தோற்றால் உரிமையாளரின் மற்ற சொத்துகளை வங்கி எளிதில் தொட முடியாது. அதனால்தான் கடன் கொடுக்கும் முன் வங்கி காகிதங்களைக் குடைந்து பார்க்கிறது. நிலம் கையில் இருக்கிறதா, கடல்நீரோ ஆற்றுநீரோ எடுக்க அனுமதி உண்டா, சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டதா, நிலக்கரி தர ஒப்பந்தம் உண்டா, மின்சாரத்தை வாங்க ஏதேனும் மாநில வாரியம் நீண்டகால ஒப்பந்தம் போட்டிருக்கிறதா. கடைசி இரண்டும் இல்லாமல் கடன் கொடுத்த வங்கிகள் என்ன ஆயின என்பது கீழே வருகிறது.

அடுத்துப் பார்ப்பது ஒரு விகிதம். வருடப் பணவரவை அந்த வருடம் கட்ட வேண்டிய அசல், வட்டியால் வகுத்தால் குறைந்தது 1.2 அல்லது 1.3 வர வேண்டும். அதாவது 100 ரூபாய் தவணை இருந்தால் 120, 130 ரூபாயாவது கையில் இருக்க வேண்டும். எல்லா வங்கிகளும் கையெழுத்திட்டுப் பணம் உறுதியாகும் கட்டத்துக்கு ஃபைனான்ஷியல் க்ளோஷர் என்று பெயர். அதன்பிறகு, வீட்டுக்கடன் அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட் என்று கட்டம் கட்டமாக வருவதுபோல, பாய்லர், டர்பைன், புகைபோக்கி எழும்ப எழும்பப் பணம் விடுவிக்கப்படும். பொறியாளர் சான்று தந்தால்தான் அடுத்த தவணை.

கட்டும் காலத்தில் வருமானம் கிடையாது, வட்டி மட்டும் ஓடும். அந்த வட்டியும் திட்டச் செலவிலேயே சேர்க்கப்படுகிறது. நான்கு வருடத்தில் சீராகப் பணம் எடுக்கப்பட்டால் சராசரியாகப் பாதி, அதாவது 3,150 கோடி நிலுவையில் இருக்கும். 10 சதவீத வட்டியில் நான்கு வருடத்துக்குச் சுமார் 1,260 கோடி. இப்போது கட்டுமானம் இரண்டு வருடம் தாமதமாகிறது என்று வையுங்கள். முழு 6,300 கோடியும் எடுத்தாகிவிட்டது, ஒரு யூனிட்கூட விற்கவில்லை. இன்னொரு 1,260 கோடி, வட்டிக்கு வட்டி சேர்த்தால் அதற்கும் மேல். இரண்டு வருடத் தாமதம் நான்கு வருட வட்டியை விழுங்கிவிடுகிறது. நிலம் எடுப்பதில் வழக்கு, ரயில் பாதை வராதது, ஒப்பந்தக்காரர் ஓடிப்போனது என்று காரணம் எதுவானாலும் திட்டங்கள் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு யூனிட்டில் வட்டி எவ்வளவு

இந்த நிலையம் வருடத்தில் 65 சதவீதத் திறனில் ஓடினால் சுமார் 569 கோடி யூனிட் உற்பத்தி. நிலையத்துக்குள்ளேயே செலவாகும் மின்சாரத்தை இங்கே கழிக்கவில்லை. முதல் வருட வட்டி 630 கோடி, யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 10 காசு. 15 வருடத் தவணையில் அசல் வருடத்துக்கு 420 கோடி, யூனிட்டுக்கு 74 காசு. வட்டி விகிதம் ஒரு சதவீதம் ஏறினால் யூனிட்டுக்கு 11 காசு கூடும்.

வங்கிகள் விலகுவதால் நிலக்கரிக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு விடை இந்த 11 காசில் இருக்கிறது. பத்து வங்கிகள் விலகினால் பதினோராவது வங்கியோ பத்திரச் சந்தையோ கொடுக்கும், ஆனால் கூடுதல் வட்டிக்கு. அந்தக் கூடுதல் வட்டி மின்சார விலையில் ஏறும். ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 2 ரூபாய் 50 காசு அளவில் வந்து நிற்கும்போது, ஏற்கெனவே விலை கூடிய நிலக்கரி மின்சாரத்துக்கு இன்னும் சில காசு சுமை என்பது கணிசம். கடன் மறுப்பு கதவைப் பூட்டுவதில்லை, வாசலில் கட்டணத்தை உயர்த்துகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. காற்றாலைக்கு எரிபொருள் செலவே இல்லை, அதன் யூனிட் விலையில் பெரும்பகுதி முதலீடும் வட்டியும்தான். எனவே வட்டி குறைந்தால் ஆரல்வாய்மொழிக் காற்றாலைக்குக் கிடைக்கும் லாபம், தூத்துக்குடிக்குக் கிடைப்பதைவிட விகிதத்தில் அதிகம். நிலக்கரிக்கு மறுப்பதைவிடக் காற்றுக்கு மலிவாகக் கொடுப்பது கூடுதல் வேலை செய்யும் என்று சொல்ல இடமிருக்கிறது.

இன்னொரு விஷயம் ஆரம்பநிலை வாசகர்கள் பலர் கவனிக்காதது: அனல்மின் கட்டணம் இரண்டு துண்டு. நிலக்கரிக்கு ஆகும் மாறும் கட்டணம் மின்சாரம் எடுத்தால்தான். வட்டி, அசல், லாபம், பராமரிப்பு அடங்கிய நிலைக் கட்டணம், நிலையம் ஓடத் தயாராக இருந்தாலே போதும், மின்சாரம் எடுக்காவிட்டாலும் வாரியம் தர வேண்டும். வழக்கமாக 85 சதவீதத் தயார்நிலை காட்டினால் முழுத்தொகை. கடன் கொடுத்த வங்கிக்கு இது பெரிய பாதுகாப்பு. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வெளுத்து வாங்கும்போதும் அனல் நிலையத்தின் நிலைக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலையத்தை முழுக்க நிறுத்தவும் முடியாது. சுமார் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் பாய்லர் தீ நிலைகுலையும் என்பதால் அந்த அளவிலாவது ஓட்டுகிறார்கள். காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் பேக்டவுன் பற்றிய புகார்களுக்குப் பின்னால் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

கடனிலிருந்து கரியமில வாயுவுக்கு

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, மிக உயர்ந்த அழுத்தத்தில் நீராவி உண்டாக்கும் புதிய சூப்பர்கிரிட்டிகல் நிலையத்தில் இந்திய நிலக்கரி சுமார் 620 கிராம் தேவை என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் கார்பன் என்றால் 248 கிராம். ஒரு கிராம் கார்பன் எரிந்தால் 3.67 கிராம் கரியமில வாயு, ஏனென்றால் ஒவ்வொரு கார்பன் அணுவோடும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே யூனிட்டுக்கு ஏறக்குறைய 900 கிராம். பழைய நிலையங்களில் ஒரு கிலோவைத் தொடும்.

569 கோடி யூனிட்டுக்கு வருடம் 35 லட்சம் டன் நிலக்கரி. துறைமுகக் கணக்கில் வாரத்துக்கு 68,000 டன், பனாமாக்ஸ் எனப்படும் பெரிய சரக்குக் கப்பல் ஒன்று. வெளியே போவது 51 லட்சம் டன் கரியமில வாயு. மின் கொள்முதல் ஒப்பந்தம் 25 வருடம் என்றால் 12.8 கோடி டன். இந்த எண்ணிக்கை முதல் கரி எரிவதற்கு முன்பே, வங்கிகள் கையெழுத்திட்ட அன்றே ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. இயந்திரம் வாங்கியாயிற்று, ஒப்பந்தம் போட்டாயிற்று, தவணை ஓடியாக வேண்டும்.

கடன் தீர்ந்தபிறகு நிலையம் மூடப்படும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது தலைகீழ். கடன் தீர்ந்த நிலையத்துக்கு நிலக்கரிச் செலவும் பராமரிப்பும் மட்டும்தான், எனவே அதன் மின்சாரம் மலிவு, மூட யாருக்கும் மனம் வராது. தூத்துக்குடியின் முதல் 210 மெகாவாட் அலகு 1979-ல் ஓடத் தொடங்கி 40 வருடம் தாண்டியும் ஓடியது.

இதில் எந்த வங்கிக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட ஒரு முறை இருக்கிறது. பிசிஏஎஃப் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு வகுத்தது. வங்கியின் நிலுவைக் கடனைத் திட்டத்தின் மொத்தக் கடன், மூலதனக் கூட்டுத்தொகையால் வகுத்து, உமிழ்வால் பெருக்க வேண்டும். நம் நிலையத்துக்கு ஒரு வங்கி 630 கோடி தந்தால் 630/9,000, அதாவது 7 சதவீதம். அதன் பெயரில் வருடம் 3.6 லட்சம் டன் எழுதப்படும். இதற்கு நிதியளித்த உமிழ்வு என்று பெயர்.

முறை நல்லதுதான், ஆனால் ஓட்டை உண்டு. பத்து வருடம் கழித்து அதே வங்கியின் நிலுவை 210 கோடி, மொத்தக் கடன் 2,100 கோடி, மூலதனம் 2,700 கோடி. 210/4,800 என்பது 4.4 சதவீதம். வங்கியின் அறிக்கையில் உமிழ்வு 3.6 லட்சத்திலிருந்து 2.2 லட்சம் டன்னாக இறங்கியிருக்கும். புகைபோக்கியில் ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது. வாராக்கடனாகி, அத்தகைய கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு அதை விற்றுவிட்டாலோ வங்கியின் கணக்கில் பூஜ்யம். எனவே ஒரு வங்கி “எங்கள் நிதியளித்த உமிழ்வு குறைந்தது” என்று அறிவித்தால், நிலையம் மூடப்பட்டதாலா, தவணை கட்டப்பட்டதாலா, கடன் கைமாறியதாலா என்று பார்க்காமல் கைதட்டக் கூடாது.

எங்கே தவறியது

காலநிலையைப் பற்றிக் கவலைப்பட்டு இந்திய வங்கிகள் நிலக்கரியிலிருந்து பின்வாங்கின என்று சொன்னால் அது அழகான கதை மட்டுமே. பணம் போனதால்தான் பின்வாங்கின.

2000-களின் இறுதியில் மின் தட்டுப்பாடு, வேகமான வளர்ச்சி, ஒதுக்கப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து தனியார் நிலையங்கள் வரிசையாக எழுந்தன. 2011-ல் இந்தோனேசியா தன் நிலக்கரி ஏற்றுமதியைச் சந்தை விலையோடு கட்டிப்போட்டது. மலிவு கரி கிடைக்கும் என்று நம்பி நிலையான கட்டணம் ஒப்புக்கொண்டிருந்த கடலோர நிலையங்கள், குறிப்பாக குஜராத்தின் முந்த்ராவில் இருந்தவை, ஒவ்வொரு யூனிட்டிலும் நஷ்டப்பட்டன. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. நிலக்கரி ஒப்பந்தம் இல்லாமலே கட்டப்பட்ட நிலையங்கள், வாங்க ஆளில்லாத நிலையங்கள், மின் வாரியங்களின் மாதக்கணக்கான பாக்கி என்று எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தன.

2018 மார்ச்சில் எரிசக்திக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, நெருக்கடியில் இருக்கும் 34 அனல்மின் திட்டங்களைப் பட்டியலிட்டது. சுமார் 40,000 மெகாவாட், நிலுவைக் கடன் ஏறத்தாழ 1.74 லட்சம் கோடி ரூபாய். தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். அப்போது வங்கி தன் லாபத்திலிருந்து ஒதுக்கீடு செய்ய வேண்டும். அதே வருடம் பிப்ரவரி 12 அன்று ரிசர்வ் வங்கி, பெருங்கடன்களை 180 நாளில் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் திவால் நடவடிக்கை என்று சுற்றறிக்கை விட்டது. மின் நிறுவனங்கள் வழக்குப் போட்டு, 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் அதற்குள் வங்கிகளுக்குப் பாடம் ஏறிவிட்டது.

பக்கத்திலேயே உதாரணம் உண்டு. தூத்துக்குடியில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட கோஸ்டல் எனர்ஜென் திவால் நடவடிக்கைக்குப் போய், 2024-ல் அதானி பவர் பங்கேற்ற கூட்டமைப்பு சுமார் 3,300 கோடிக்கு எடுத்தது. கடன் கொடுத்தவர்கள் கோரிய தொகையில் அது ஒரு பகுதிதான். கவனிக்க வேண்டியது இதுதான்: வங்கிகள் இழந்தன, நிலையம் நிற்கவில்லை. மலிவாகக் கைமாறிய நிலையத்துக்கு வட்டிச்சுமை குறைவு, அதனால் முன்பைவிட எளிதாகவே ஓட முடியும். கடன் சாவதும் புகை நிற்பதும் ஒன்றல்ல.

தனியார் திட்டங்களில் வணிக வங்கிகள் கையைச் சுருக்கியபோது அந்த இடத்தில் நின்றவை பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் என்ற பி.எஃப்.சி.யும், 2019 முதல் அதன் துணை நிறுவனமாகிவிட்ட ஆர்.இ.சி.யும். இரண்டும் மத்திய அரசின் மின்துறை நிதி நிறுவனங்கள். டெபாசிட் வாங்குவதில்லை, பத்திரம் விற்றுப் பணம் திரட்டுகின்றன. அந்தப் பத்திரங்களை வாங்குவது காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள், வங்கிகள். ஆகவே உங்கள் வங்கி நேரடியாக எந்த அனல் நிலையத்துக்கும் கடன் தராமலிருந்தும், உங்கள் பி.எஃப். பணம் சுற்றிப்போய் அங்கே சேரலாம். 2031-32க்குள் குறைந்தது 80,000 மெகாவாட் புதிய நிலக்கரித் திறன் வேண்டும் என்று மத்திய அரசு 2023-க்குப்பின் சொல்லிவருவதால், கதை முடியவும் இல்லை.

வாக்குறுதிகளும் அவற்றின் வாசகங்களும்

2014 நவம்பரில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அதானி குழுமம் திட்டமிட்ட கார்மைக்கேல் சுரங்கத்துக்கு 100 கோடி டாலர் வரை கடன் தரப் பாரத ஸ்டேட் வங்கி புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. பல பன்னாட்டு வங்கிகள் அந்தச் சுரங்கத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். 2020 நவம்பரில் சிட்னியில் இந்தியா-ஆஸ்திரேலியா ஒருநாள் ஆட்டத்தில் இருவர் இந்தக் கடனை எதிர்த்துப் பதாகையோடு மைதானத்துக்குள் இறங்கினார்கள். சுரங்கம் சொந்தப் பணத்தில் அளவைக் குறைத்துக் கட்டப்பட்டு, 2021 இறுதியில் ஏற்றுமதிக்குத் தயாரானது. வங்கிகள் மறுத்தால் திட்டம் சுருங்கும், தாமதமாகும், உரிமையாளரின் பணம் அதிகம் சிக்கும். ஆனால் பணபலம் உள்ளவரை முழுக்க நிறுத்த அது போதாது.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளியிடும் அளவும் உறிஞ்சும் அளவும் சமமாகும் நிலை, என்றது. அதே வருடம் ஜி-20 நாடுகள் வெளிநாட்டு நிலக்கரி நிலையங்களுக்கு அரசுப் பணம் தருவதை நிறுத்த ஒப்புக்கொண்டன. உள்நாட்டு நிலையங்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஃபெடரல் வங்கியில் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. 2021-ல் பங்கு வாங்கியபோது, புதிய நிலக்கரித் திட்டங்களுக்குக் கடன் தருவதில்லை என்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதி. பங்கு வாங்குபவர் நிபந்தனை போட்டால் வங்கி அசைகிறது என்பதற்கு இது நல்ல சான்று. மாறாக, 2021 ஏப்ரலில் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய நிகர பூஜ்ய வங்கிக் கூட்டணியிலிருந்து, 2024 டிசம்பருக்கும் 2025 ஜனவரிக்கும் இடையில் அமெரிக்கப் பெருவங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. 2025 அக்டோபரில் கூட்டணியே கடையைக் கட்டியது. தன்னார்வ வாக்குறுதியின் ஆயுள் அவ்வளவுதான்.

குமரிக்கு என்ன

இந்தப் பகுதியில் மிகைப்படுத்துவது எளிது, ஆகையால் அளந்து சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி, தாழ்வழுத்தமாக இருந்து சில மணி நேரத்தில் புயலாக மாறிக் குமரிக் கடலைக் கடந்தது. மாவட்டத்தின் மீனவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ரப்பர், வாழை, தென்னை சாய்ந்தன. அந்தப் புயல் ஏதோ ஒரு நிலையத்தின் புகையால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது: கடல் மேற்பரப்பு சூடாக இருந்தால் புயல் வேகமாக வலுப்பெற எரிபொருள் கிடைக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் பெய்தால் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததுபோன்ற மழையின் பின்னணியில் இந்த இயற்பியலும் உண்டு. மேற்குக் கரைக் கிராமங்களைக் கடல் தின்பதையோ முழுக்கக் காலநிலைக் கணக்கில் எழுதினால் தவறு. துறைமுகச் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் மணல் ஓட்டத்தை மாற்றியதற்கும் அதில் பங்கு உண்டு.

வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு விஷயம் தெரிகிறது. அதே வங்கிதான் தோவாளையில் பயிர்க்கடனும், குலசேகரத்தில் ரப்பர் தோட்டக் கடனும், குளச்சலில் படகுக் கடனும் கொடுத்திருக்கிறது. பேரிடரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் சேதமானால் கடன் தவணையை மாற்றியமைக்க ரிசர்வ் வங்கி நெறிமுறை இடம் தருகிறது. மாற்றியமைத்த ஒவ்வொரு கடனும் வங்கிக்குத் தள்ளிப்போன வருமானம். தலைமை அலுவலகத்தில் ஒரு மேசை உமிழ்வுக்குப் பணம் தருகிறது, கிளையில் ஒரு மேசை அதன் விளைவைத் தள்ளிப்போடுகிறது. இரண்டு மேசைகளும் பேசிக்கொள்வதில்லை. ரிசர்வ் வங்கி 2021 ஏப்ரலில் பசுமை நிதிக்கான மத்திய வங்கிகள் கூட்டமைப்பில் சேர்ந்ததும், 2024 பிப்ரவரியில் காலநிலை ஆபத்தை வெளியிடுவதற்கான வரைவு விதிகளை வெளியிட்டதும் இந்த மேசைகளைப் பேசவைக்கும் முயற்சிதான்.

உங்கள் வங்கியைப் பார்ப்பது எப்படி

கிளை மேலாளரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்கும் தெரியாது. வங்கியின் இணையதளத்தில் பாசல் 3 அல்லது பில்லர் 3 வெளியீடுகள் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் தொழில்வாரியாகக் கடன் எவ்வளவு என்ற அட்டவணையைத் தேடுங்கள். சுரங்கத்தின்கீழ் நிலக்கரி தனி வரியாக இருக்கும். அது சிறிய தொகையாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரிய தொகை உள்கட்டமைப்பின்கீழ் மின்சாரம் என்ற வரியில் இருக்கிறது. அங்கே அனலும் காற்றும் சூரியமும் பகிர்மான வாரியங்களும் ஒன்றாகக் கலந்து கிடக்கும், பிரித்துத் தரமாட்டார்கள்.

பிரித்துப் பார்க்க மறுமுனையிலிருந்து, மின் நிறுவனத்திலிருந்து வர வேண்டும். கிரிசில், இக்ரா, கேர் போன்ற தர மதிப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு கடனுக்கும் வெளியிடும் விளக்கக் குறிப்பின் கடைசிப் பக்க அட்டவணையில் எந்த வங்கி எவ்வளவு என்று இருப்பதுண்டு. இது இலவசம், இருப்பதிலேயே எளிதான வழியும் இதுதான். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு அடமானப் பதிவுப் பட்டியலையும் பார்க்கலாம். அங்கே ஒரு பொறி உண்டு. கன்சார்ட்டியம் கடன்களில் அடமானம், எல்லா வங்கிகளின் சார்பிலும் அதை வைத்திருக்கும் செக்யூரிட்டி டிரஸ்டியின் பெயரில் பதிவாகும், எனவே ஒரே ஒரு டிரஸ்டி நிறுவனத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் வங்கிகளே இல்லை என்று அர்த்தமல்ல.

செபி விதிப்படி முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் தரவேண்டிய பொறுப்பு அறிக்கையில் வங்கிகளும் அடக்கம். அதில் வங்கி தன் ஏ.சி., ஜெனரேட்டர், மின்கட்டண உமிழ்வைக் கட்டாயம் சொல்லும். கடன் வழியாக வரும் உமிழ்வு, அதாவது வங்கிக்கு உண்மையிலேயே பெரிய பகுதி, விருப்பப் பகுதியில் இருக்கிறது. கிளைகளில் எல்.இ.டி. விளக்கு மாட்டியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்தக் கட்டத்தைக் காலியாக விடும் அறிக்கைகள் ஏராளம். முதலில் அந்தக் கட்டத்தைத் திறந்து பாருங்கள்.

பணம் போடும்போது

ரிசர்வ் வங்கியின் பசுமை டெபாசிட் விதிகள் 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அந்தப் பெயரில் வாங்கும் பணத்தைக் காற்று, சூரியம், தூய போக்குவரத்து போன்ற வகைகளுக்கு ஒதுக்க வேண்டும், வருடந்தோறும் வெளியார் ஒருவர் சரிபார்த்த அறிக்கையை இணையத்தில் போட வேண்டும். வட்டி சாதாரண எஃப்.டி.யைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதுண்டு. டெபாசிட் காப்பீடு அதே 5 லட்சம்தான். போடுமுன் கடந்த வருடச் சரிபார்ப்பு அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நுட்பம்: பசுமை டெபாசிட் பணம் நிலக்கரிக்குப் போகாது என்பது உறுதி, ஆனால் அதனால் விடுபட்ட சாதாரண டெபாசிட் பணம் எங்கே போகிறது என்பதற்கு உறுதி இல்லை.

நிலமோ வீடோ விற்பவர்களுக்கு இதைவிட நேரடியான தேர்வு இருக்கிறது. நீண்டகால மூலதன ஆதாய வரியைத் தவிர்க்க, விற்ற 6 மாதத்துக்குள் 54இ.சி. என்று அழைக்கப்படும் பத்திரம் வாங்கலாம். உச்சவரம்பு 50 லட்சம், 5 வருடம் தொட முடியாது, வட்டி 5.25 சதவீத அளவில், அந்த வட்டிக்கு வரி உண்டு. இந்த மாவட்டத்தில் வளைகுடா சம்பாத்தியத்தில் வாங்கிய மனைகள் கைமாறும்போது ஆடிட்டர்கள் வழக்கமாகச் சொல்வது ஆர்.இ.சி. அல்லது பி.எஃப்.சி. பத்திரம். இரண்டும் காற்றுக்கும் கடன் தருகின்றன, நிலக்கரிக்கும் தருகின்றன, உங்கள் பணம் எதற்குப் போனது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ரயில்வேக்குப் பணம் திரட்டும் ஐ.ஆர்.எஃப்.சி. பத்திரத்துக்கும் இதே சலுகை உண்டு. 1987 முதல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கும் எரிசக்திச் சிக்கனத்துக்கும் கடன் தரும் மத்திய அரசு நிறுவனமான இரெடாவின் பத்திரங்களும் 2025 ஜூலையில் இந்தச் சலுகைக்குள் வந்தன. ஆடிட்டர் படிவத்தை நிரப்பும் முன்பே எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வாங்கியபின் 5 வருடத்துக்கு மாற்ற முடியாது.